கூலிப்பொந்து

தன் கடைக்கு வயதாகிவிட்டது என்று சகாயராஜுக்குத் தெரியும். அது தொன்மை அடைந்துவிட்டது என்பது மட்டும், சுவரில் நீலப் பலகை அடித்த அன்றுதான் தெரிந்தது.

திண்டிவனத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற பக்கம், கடைத்தெருவில் இருந்தது அந்தக் கட்டடம். ஒரு காலத்தில் வரதப்பரின் மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை மொத்த வியாபாரம். கை நீளத்துக்குத் தடித்த சுவர். மேலே தேக்கு உத்திரம் போட்டு, செங்கல்லைக் குத்தவைத்து, சுண்ணாம்புக் காரை பூசிய மச்சு. முன்னால் ஒவ்வொன்றாகச் செருகி மூடுகிற பலகைக் கதவு. நெற்றியில் இரண்டு யானைகளுக்கு நடுவே சுதையில் ஒரு லட்சுமி. வியாபாரமெல்லாம் மார்க்கெட் கமிட்டிக்குப் போன பிறகு வரதப்பரின் பேரன்மார் சென்னைக்குக் கிளம்பிவிட்டார்கள். வாங்க ஆளில்லாமல் கிடந்த கட்டடத்தை, அதே மண்டியில் மூட்டை தூக்கிய ஆரோக்கியத்துக்கே மலிவாக எழுதிக் கொடுத்தார்கள். ஆரோக்கியம் சகாயராஜின் அப்பா. பத்திரம் பதிவான அன்று அவர் முன்வாசல் வழியாக உள்ளே போய், நடுக்கூடத்தில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு சகாயராஜும் அவன் மனைவி ரோஜாவும் அங்கே தையல்கடை போட்டார்கள். பள்ளிக்கூடச் சீருடை, ரவிக்கை, சட்டை. தொழில் ஓடிக்கொண்டிருந்தது. மச்சுதான் நிற்கத் தடுமாறியது. ஓர் உத்திரம் உளுத்து, நடுவில் வளைந்து, ரோஜாவின் மெஷினுக்கு நேர்மேலே தொங்கியது. சகாயராஜ் ஒரு பனங்கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, மழைக்கு முன்னால் சரிசெய்யக் கொத்தனாரிடம் சொல்லிவைத்திருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் தொன்மைக் கட்டடப் பேணல் வாரியம் விழுப்புரத்திலிருந்து நீலப் பலகையோடு ஜீப்பில் வந்து இறங்கியது. இணை இயக்குநர் புகழேந்தி முன்னால் வந்தார். பின்னால் ஆலோசகர் கலைப்பிரியா, கையில் டார்ச்சும் சுருட்டிய வரைபடமுமாக வந்தார்.

"வாழ்த்துகள்" என்றார் புகழேந்தி. "இன்று முதல் உங்கள் கட்டடம் உங்களுடையது மட்டுமல்ல."

சகாயராஜ் கும்பிட்டான். "ரொம்ப சந்தோசம் சார். மச்சு ஒழுகுதுங்க. உத்திரம் உளுத்துப் போச்சு. கொத்தனாருக்குச் சொல்லியிருக்கேன், வர்றேன்னு சொன்னாரு."

"கொத்தனாரா?" கொலைகாரன் பெயரைக் கேட்டதுபோல் புகழேந்தி திரும்பிப் பார்த்தார்.

கலைப்பிரியா டார்ச் அடித்து மச்சைப் பார்த்தார். "இந்த ஒழுகல் எவ்ளோ நாளா இருக்கு?"

"எங்கப்பா காலத்துலருந்தே இருக்குது மேடம்."

"அப்போ இதுவும் பழசு" என்று குறித்துக்கொண்டார். பிறகு டார்ச் கீழே இறங்கிப் பனங்கட்டையில் நின்றது. "இது எப்ப வச்சது?"

"போன ஐப்பசியில மேடம்."

"அப்போ இது ஒரிஜினல் இல்ல. எடுத்துடுங்க."

"எடுத்தா மச்சு வந்துடும் மேடம்."

"வந்தா அது இயற்கையான சிதைவு. நீங்க தாங்கிப் பிடிச்சா அது மனிதத் தலையீடு. சட்டம் தலையீட்டைத்தான் தடுக்குது."

ரோஜா மெஷினிலிருந்து எழுந்தாள். "அடியில நான் குந்திக்கினு தைக்கிறேன் மேடம். மச்சு வுழுந்தா நான் இன்னா ஆவேன்?"

புகழேந்தி அவளைப் பரிவோடு பார்த்தார். "அம்மா, மனிதர்கள் வருவார்கள், போவார்கள். கட்டடம்தான் நிற்க வேண்டும்."

பேசிப்பேசி ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். பார்வையாளர்கள் வரும்போது மட்டும் பனங்கட்டையை எடுத்து ஓரமாகச் சாய்த்துவிட வேண்டும். அவர்கள் போனதும் மறுபடி வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து, கல்லூரிப் பிள்ளைகளும் கேமராக்காரர்களும் வந்து மச்சின் அழகை அண்ணாந்து பார்க்கிற நேரமெல்லாம் சகாயராஜ் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெருவில் நின்றான். ரோஜா எதிரிலிருந்த டீக்கடைக்குப் போய், அவர்கள் உயிரோடு வெளியே வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து 'ரோஜா டைலர்ஸ்' என்ற பிளெக்ஸ் இறங்கியது, லட்சுமியின் காலை மறைக்கிறதாம். அதற்கடுத்து மின்விசிறி இறங்கியது. கட்டடம் கட்டியபோது மின்சாரம் இல்லை என்பது வாரியத்தின் கண்டுபிடிப்பு. அப்படியானால் தையல் மெஷின் மட்டும் இருக்கலாமா என்று சகாயராஜ் கேட்க நினைத்து, கேட்டால் அதையும் எடுத்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டான். மச்சைச் சரிசெய்ய மனுப் போட்டான். பழைய காரைக்கு எந்தக் காளவாயிலிருந்து சுண்ணாம்பு வந்ததோ அந்தக் காளவாயிலிருந்தே புதுச் சுண்ணாம்பும் வர வேண்டும் என்று பதில் வந்தது. அந்தக் காளவாய் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருந்தது.

மழை தொடங்கியது. மேலேயிருந்து வந்த தண்ணீர் போதாதென்று, பக்கத்துச் சந்துச் சுவரில் இருந்த பொந்து வழியாகவும் சாரல் அடித்தது, எலியும் வந்தது. ஒரு நாள் தைத்து மடித்து வைத்திருந்த சீருடைகள் முழுக்க நனைந்துபோயின. அடுத்த முறை ஜீப் வந்தபோது சகாயராஜ் அந்தப் பொந்தையாவது பலகையால் அடைத்துக்கொள்ள அனுமதி கேட்டான்.

இடுப்பு உயரத்தில், ஒரு கை நுழைகிற அளவுக்கு இருந்தது அந்தப் பொந்து. அதன் அடிக்கல் வெளிப்பக்கம் சரிந்து வழவழவென்று தேய்ந்திருந்தது. கலைப்பிரியா அதைத் தடவிப் பார்த்து, போட்டோவும் எடுத்துக்கொண்டார். "மாலை வெயிலைப் பார்க்கறதுக்காக வச்ச சாளரம்னு எழுதியிருக்கோம். சரிவு, தென்றல் வழுக்கி உள்ள வர்றதுக்கு."

"இல்லீங்க மேடம்" என்றான் சகாயராஜ். "இது கூலிப்பொந்து. மண்டியில மூட்ட தூக்கறவங்க, மல்லாட்ட உரிக்கற பொம்பளைங்க யாரும் உள்ள வரக்கூடாது. எங்க தெரு ஆளுங்க எல்லாரும் சந்துலதான் நிக்கணும். முதலாளி உள்ள குந்திக்கினு காச இந்தக் கல்லுல வுடுவாரு. அது சரிஞ்சு வந்து வுழும். கையில குடுத்தா தீட்டுன்னு. நிமிந்து நின்னா அவரு முகம் தெரியாது. குனிஞ்சு துண்ட ஏந்தி வாங்கிக்கணும். எங்கப்பா அப்படித்தான் வாங்கினாரு."

அப்பா இதை அவனிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தார். வேறு யாரிடமும் அவன் சொன்னதில்லை. இனிமேல் இவர்களே வெட்கப்பட்டு அடைக்கச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தான்.

புகழேந்தியின் கண்கள் கலங்கிவிட்டன. "கலைப்பிரியா, கேட்டீங்களா? எவ்வளவு உயர்ந்த மரபு! உழைத்துக் களைத்தவர்கள் உள்ளே ஏறி வரச் சிரமப்படக் கூடாது என்று, அவர்கள் நின்ற இடத்துக்கே கூலி போயிருக்கிறது!"

"வாசல் தேடிச் சேவை" என்றார் கலைப்பிரியா.

"இந்த மாவட்டத்திலேயே இப்படி ஒரு சாளரம் கிடையாது. இதைத் தொடக்கூடாது. மரபு வாரத்துக்குச் சென்னையிலிருந்து வாரியத் தலைவர் அரங்கநாதன் அவர்கள் வருகிறார். அவர் முன்னால் இதை நடித்துக் காட்டுவோம். தலைவர் உள்ளே உட்கார்ந்து கூலி விடுவார். நீங்கள் வெளியே நின்று வாங்குவீர்கள். உண்மையான வாரிசே நின்று வாங்குவது எவ்வளவு பொருத்தம்!"

சகாயராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. "சார், இது எங்க கடை. நான் எதுக்கு சார் வெளிய நிக்கணும்?"

"நடிப்புத்தானே? அதே மேடையில் உங்கள் மச்சு அனுமதியிலும் தலைவர் கையெழுத்துப் போடுவார். பேசி வைத்துவிட்டேன்."

மச்சு என்ற சொல்லைக் கேட்டதும் அவன் தலை தானாக ஆடியது. உத்திரம் முந்தின வாரம்தான் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

விழாவுக்கு முதல் நாள் ஒத்திகை. புகழேந்தி உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சகாயராஜ் சந்தில், சாக்கடை ஓரத்தில் நின்றான். வாரியத்தின் செலவில் வாங்கிய அழுக்குத் துண்டு ஒன்றை அவன் தோளில் போட்டார்கள். புதுத் துண்டைத் தேநீரில் நனைத்து அழுக்காக்கியிருந்தார்கள். முதல் காசு கல்லில் சறுக்கி, துண்டில் பட்டுத் தெறித்துச் சாக்கடையில் விழுந்தது.

"இன்னும் குனியணும்" என்றது உள்ளேயிருந்து குரல். "உடம்பில் ஒரு பணிவு வரவில்லையே. உங்கள் அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள்."

அவன் குனிந்தான். மூன்றாவது முறை காசு துண்டில் சரியாக விழுந்தது. உள்ளே கைதட்டினார்கள். நிமிர்ந்தபோது சந்தின் முனையில் ரோஜா நின்றுகொண்டிருந்தாள். கையில் காஜா எடுத்த சட்டை. அவள் திரும்பிப் போய்விட்டாள்.

வீட்டில் சோறு போடும்போதுதான் பேசினாள். "மச்சு தலையில வுழுந்தா வுழட்டும்யா. நான் அதுக்கு அடியிலயே குந்திக்கிறேன். நாளைக்கு நீ அங்க குனிஞ்சு நின்னேன்னா, நான் கெடாருல இருக்கற எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். சத்தியமா திரும்பி வரமாட்டேன்."

"கையெழுத்துப் போடறேன்னாங்க ரோஜா."

"உங்கப்பா அந்தக் கடைய எதுக்கு வாங்கினாரு?"

அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான்.

விழா அன்று விடிந்து, கடைத்தெருவில் பால் வண்டி போன கையோடு அவன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனான். மச்சுக்கு ஒன்றும் ஆகாதபடி உள்ளே பனங்கட்டையையும் இன்னொரு சவுக்கு மரத்தையும் முட்டுக் கொடுத்தான். பொந்துக்கு மேலே, ஆள் உயரத்தைத் தாண்டிச் சுவரில் பதிந்திருந்த பட்டைக்கல் அகலமாகவும் உறுதியாகவும் இருந்தது. அதை விட்டுவிட்டு, அதற்கு அடியில் இரண்டு பக்கமும் குத்தினான். மழையில் ஊறிய சுண்ணாம்பு, செங்கல்லைப் பிடிவாதம் இல்லாமல் விட்டுக்கொடுத்தது. தேய்ந்த அடிக்கல் மட்டும் கடைசி வரைக்கும் அசையவில்லை. அதன் மேல் அடித்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது, அழுகையும் வந்தது. கல் இரண்டாகப் பிளந்து சாக்கடையில் விழுந்தது. வெயில் ஏறியபோது அங்கே பொந்து இல்லை. ஓர் ஆள் நிமிர்ந்து நடந்து போகிற அளவுக்கு வாசல் இருந்தது.

ரோஜா வந்து பார்த்தாள். துடைப்பத்தை எடுத்து, செங்கல் பொடியைக் கூட்டத் தொடங்கினாள். "போலீஸ் வந்தா நானும் இடிச்சேன்னு சொல்லு" என்றாள்.

போலீஸ் வரவில்லை. அதற்குள் மேளம் வந்தது. மேளத்துக்குப் பின்னால் கார் வந்தது. தலைவர் அரங்கநாதன் மாலையோடு இறங்கி, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டபடியே, யாரும் வழிகாட்டுவதற்குள் சந்துக்குள் நுழைந்து, புது வாசல் வழியாக நேராகக் கடைக்குள் போய்விட்டார்.

"நல்ல அகலமான வாசல்" என்றது உள்ளேயிருந்து அவர் குரல். "அந்தக் காலத்து ஆட்களுக்கு என்ன தாராளம் பாருங்கள், புகழேந்தி!"

புகழேந்தி வாசலைப் பார்த்தார். கடப்பாரையோடு நின்ற சகாயராஜைப் பார்த்தார். கலைப்பிரியாவைப் பார்த்தார். கலைப்பிரியா வரைபடத்தை மெதுவாகச் சுருட்டினார். அந்த நேரத்தில் புகழேந்தியின் முகத்தில் ஓடியதையெல்லாம் எழுத முடியாது. ஓடி முடிந்த பிறகு அங்கே ஒரு புன்னகை வந்து நின்றது.

"ஆமாம் ஐயா" என்றார்.

மைக் முன்னால் அவர் அச்சடித்து வைத்திருந்த உரையைத்தான் வாசித்தார். "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! இதோ இந்தச் சாள... இந்த வாசல், கட்டிய நாள்தொட்டு ஒரு செங்கல்கூட மாறாத வாசல்." மேலேயிருந்து ஒரு காரைக் கட்டி அவர் ஷூவின் மேல் விழுந்தது. காலை நகர்த்திக்கொண்டு தொடர்ந்தார். "முதலாளியும் தொழிலாளியும் தோளோடு தோள் உரசிச் சென்ற வாசல். வேறுபாடு என்பதையே அறியாத வாசல். நேற்றும் இப்படித்தான் இருந்தது. எங்கள் வாரியம் இருக்கும்வரை நாளையும் இப்படித்தான் இருக்கும்."

தலைவர் தலைமுடியில் படிந்திருந்த சுண்ணாம்புத் தூசியைத் தட்டி, விரலில் எடுத்துப் பார்த்து, "நூற்றாண்டுத் தூசி" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சகாயராஜ் கையிலிருந்த கடப்பாரையைக் காட்டி அது என்ன என்று கேட்டார்.

"எங்கப்பாவுது சார்."

"பழைய கருவி! இதையும் காட்சிக்கு வையுங்கள்" என்று வாங்கிப் புகழேந்தியிடம் கொடுத்தார். புகழேந்தி அதை இரண்டு கைகளாலும் பெற்றுக்கொண்டார். அதே வேகத்தில் மச்சு அனுமதியில் கையெழுத்தும் விழுந்தது.

அந்த வாரமே கொத்தனார் வந்தார். உளுத்த உத்திரம் போய்ப் புது உத்திரம் ஏறியது. ரோஜா முதல்முறையாக மேலே பார்க்காமல் தைத்தாள். மின்விசிறியைக்கூடத் திரும்ப மாட்டிவிட்டார்கள், யாரும் கேட்கவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் சகாயராஜ் நினைத்தான், புது வாசல் பக்கத்தில் கருங்கல் பலகை பதிக்கிற வரைக்கும்.

'சமத்துவ வாசல்' என்று தங்க எழுத்தில் இருந்தது. 'இம்மண்டியில் பணிபுரிந்த அனைத்துத் தரப்பினரும் தொடக்க காலம் முதலே எவ்வித வேறுபாடுமின்றி இவ்வாசல் வழியாகவே உள்ளே வந்து சென்றனர்.'

அவன் அதை வாசித்தான். மறுபடியும் வாசித்தான். அன்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வெட்டிவிட்டான்.

"வுட்டுத் தொலைய்யா" என்றாள் ரோஜா. "மச்சு நிக்குது. போதும்."

"எங்கப்பா அந்தச் சந்துல நின்னது பொய்யா?"

"நமக்குத் தெரியுமில்ல?"

"நமக்கு மட்டும் தெரிஞ்சா?"

அவன் விழுப்புரம் பஸ் ஏறினான்.

வாரிய அலுவலகத்தில் புகழேந்தியும் கலைப்பிரியாவும் இருந்தார்கள். மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பாவின் கடப்பாரை இருந்தது.

"சார், கல்லுல எழுதினது தப்பு. அது வாசலே இல்ல. கூலிப்பொந்து. நான்தான் இடிச்சேன்."

புகழேந்தி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எதை இடித்தீர்கள்?"

"பொந்தை சார். நீங்க உள்ள குந்திக்கினு காசு வுட்டீங்களே."

"கோப்பில் பொந்து என்று ஒன்று இல்லையே?"

"பிளான்லயும் வாசல்தான் இருக்கு" என்றார் கலைப்பிரியா. "நானே திருத்தி... சரியா வரைஞ்சிருக்கேன்."

"போட்டோ எடுத்தீங்களே மேடம்?"

"அது வேற கட்டடம்னு நீக்கிட்டோம்."

புகழேந்தி குரலைத் தணித்துக்கொண்டார். "சகாயராஜ், நிதானமாகக் கேளுங்கள். பொந்து இருந்தது என்றால், பாதுகாக்கப்பட்ட பகுதியை இடித்த குற்றத்துக்கு நீங்கள் ஜெயிலுக்குப் போவீர்கள். இடித்த இடத்தைப் பழையது என்று தலைவரிடம் சொன்னதற்கு எனக்கு விசாரணை வரும். தலைவர் தப்பான வாசலில் நுழைந்தார் என்று ஆகும். பொந்து இல்லை என்றால் யாருக்கும் ஒன்றும் இல்லை. வரலாறு என்றால் என்ன? நாலு பேருக்கு நல்லது செய்ய வேண்டும். உங்கள் அப்பாவுக்கும் கௌரவம்தானே, வாசல் வழியாக வந்தார் என்பது?"

"அப்போ எங்கப்பா எங்க நின்னாரு சார்?"

"சாட்சி இருந்தால் மனுக் கொடுங்கள், பரிசீலிப்போம்" என்றார் புகழேந்தி. சாட்சியைச் சாக்கடையில் தள்ளியவன் தானேதான் என்பது சகாயராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. திண்டிவனம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். உட்கார இடம் இருந்தது.

அதன் பிறகு கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தான். சிலர் தலையாட்டினார்கள். சிலர் கல்லைக் காட்டி, "கவர்மென்டே எழுதியிருக்குதே" என்றார்கள். அளவு கொடுத்துவிட்டு சீக்கிரம் கிளம்பினார்கள். போகப் போக அவனுக்கே ஒரு பயம் வந்தது. அப்பா அந்த ஒரு முறை சொன்னதைத் தான் சரியாகத்தான் கேட்டோமா என்று யோசிக்க ஆரம்பித்தான்.

பொங்கலுக்கு முந்தி ஒரு நாள், எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் சட்டைத் துணியோடு வந்தார். பேரப்பிள்ளை கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளச் சட்டை வேண்டுமாம். பெயர் சவுரிராயன். முன்வாசல் திறந்திருக்க, பழக்கத்தில் சந்துப் பக்கமே சுற்றி வந்தவர், வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க பெரியப்பா" என்றான் சகாயராஜ்.

அவர் வரவில்லை. கையை நீட்டி, காற்றில் இடுப்பு உயரத்தில் எதையோ தேடித் தடவினார். முதுகு கொஞ்சம் வளைந்தது. "இங்க ஒரு பொந்து இருந்துச்சே" என்றார்.

ரோஜாவின் மெஷின் நின்றது.

"இருந்துச்சா பெரியப்பா? நல்லா ஞாபகம் இருக்குதா?"

"இன்னாப்பா இப்படிக் கேக்கற? நானும் ஆரோக்கியமும் ஒண்ணாத்தான் நிப்போம். வழவழன்னு கல்லு ஒண்ணு இருக்கும். அது எங்க?"

"நான்தான் இடிச்சேன்" என்றான் சகாயராஜ். சொன்னதை நம்புகிற முதல் ஆள் எதிரே நின்றார்.

பெரியவர் கருங்கல்லைக் காட்டி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ரோஜா எழுந்து வந்து வாசித்துக் காட்டினாள். தொடக்க காலம் முதலே, எவ்வித வேறுபாடுமின்றி. அவர் முதலில் காது கேட்காதவர்போல் பார்த்தார். பிறகு சிரித்தார். இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார்.

"எழுதினவன் எந்த ஊரு?"

"விழுப்புரம் ஆபீசுங்க."

"விழுப்புரத்துலயும் மண்டி இருந்துச்சு. அங்கயும் பொந்துதான்."

"அத அங்க வந்து சொல்வீங்களா பெரியப்பா? அவங்க சாட்சி கேக்கறாங்க. சொன்னா எம்மேல கேசு வரும். வரட்டும்."

ரோஜா கணவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

சவுரிராயன் செருப்போடு வாசலைத் தாண்டி உள்ளே வந்து, நடுக்கூடத்தில் நின்று, துணியை அவன் கையில் கொடுத்தார்.

"வர்றேன். மொதல்ல சட்டையத் தெச்சுக் குடு" என்றார். "புதுச் சட்ட போட்டுக்கினு போனாத்தான் உள்ள வுடுவானுங்க."